அந்த மாசம் சம்பளம் முழுசா குடுத்தாங்ளா?

எங்கள் குடியிருப்பு வாசலில் உள்ள வாட்ச்மேன் அறையில் ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வண்டி எண் எழுதும் நோட்டு, சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர். அவ்வளவுதான். போன சித்திரையில் வாட்ச்மேன் அண்ணன் ஊர் நோம்பிக்குப் பத்து நாள் லீவில் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்த பையன் நாள் முழுக்க செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தானே தவிர ஒரு நாளும் தாளைக் கிழிக்கவில்லை. திரும்பி வந்த அன்று காலையில் அண்ணன் செய்த முதல் வேலை, பத்துத் தாளையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்ததுதான். கிழித்ததைக் கசக்கிப் போட மாட்டார். ஓரத்தை நீவி, நான்காக மடித்து, நோட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், கூரியர்காரன் பெயர் எழுத ஆகும்.

பால் வாங்கப் போன நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். இந்த மாதிரி இடத்தில் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. "அண்ணா, இதே மாதிரி ஐரோப்பாவுல ஒருதரம் நெசமாவே பத்து நாளைக் கிழிச்சுட்டாங்க, தெரியுங்களா?" என்று ஆரம்பித்தேன். 1582, அக்டோபர் 4 வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆனால் தேதி அக்டோபர் 15. போப்பாண்டவர் பதிமூன்றாம் கிரகோரி போட்ட உத்தரவு. பிரிட்டன்காரர்கள் போப் சொல்லி நாம் கேட்பதா என்று 170 வருஷம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, 1752 செப்டம்பரில் பதினோரு நாளைக் கிழித்தார்கள். 2ஆம் தேதி புதன், அடுத்த நாள் 14ஆம் தேதி வியாழன். கடைசியாக என் வழக்கமான முத்தாய்ப்பு: "அங்க இருந்த சனங்க, எங்க ஆயுசுல பதினோரு நாளைத் திருடிட்டீங்க, திருப்பிக் குடுங்கன்னு தெருவுல எறங்கிக் கலாட்டா பண்ணுனாங்களாம்!"

இதை நான் கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன், ரயிலில் சொல்லியிருக்கிறேன், என் மகளின் பள்ளிக்கூட விழாவில் மைக் பிடித்தே சொல்லியிருக்கிறேன். ஆயுசு திருட்டு வரும்போது எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. மடித்த தாளை விரலால் தேய்த்தபடி கேட்டார்: "ஏனுங்க சார், அந்த மாசம் சம்பளம் முழுசா குடுத்தாங்ளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குப் பிரிவில் சம்பளப் பட்டியல் போடுகிறவன் நான். சம்பளத்தைப் பற்றி இந்தக் கதையில் ஒருதரம்கூட யோசித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவருக்கு அது உடனே தோன்றியதில் ஆச்சரியமே இல்லை. நோம்பிக்குப் போன பத்து நாளுக்கும் ஏஜென்சிக்காரர்கள் சம்பளத்தைப் பிடித்திருந்தார்கள். மில்லில் இருபது வருஷம் ஷிஃப்ட் பார்த்து, மில் மூடியபின் காவலுக்கு வந்தவர். பஞ்சப்படி ஏற்ற இறக்கத்தை மனக்கணக்காகச் சொல்வார். முப்பதால் வகுத்துப் பிடிக்கிறார்களே, 31ஆம் தேதி பார்க்கிற வேலை யார் கணக்கில் என்று ஒருமுறை கேட்டிருக்கிறார். பணிக்கொடை என்று வந்தால் சட்டமே மாதத்தை 26 நாளாகக் கொள்கிறது என்று நான் சொன்னபோது, "அப்ப மாசத்துக்கு மூணு நீளம் வெச்சிருக்கீங்க" என்றார். அப்படிப்பட்டவரிடம் போய் ஆயுசு, திருட்டு என்று கதை அளந்தேன்.

பதினோரு நாளும் சட்டத்தின் நீண்ட வாலும்

கிரகோரி ஏன் பத்து நாளை வெட்டினார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. அதுவரை இருந்த ஜூலியன் காலண்டர் கணக்கில் வருஷம் சுமார் பதினோரு நிமிஷம் கூடுதல், அது 128 வருஷத்துக்கு ஒரு நாளாகச் சேர்ந்துகொண்டே போய், ஈஸ்டர் பருவம் தவறியது. அதில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. நான் தேடிப் போனது பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் சட்டத்தை. செஸ்டர்ஃபீல்ட் பிரபு முன்னின்று கொண்டுவந்தது. நாளை நீக்குகிற பகுதி கொஞ்சம்தான். இனி வருஷம் ஜனவரி 1இல் பிறக்கும் என்று ஒரு விதி. அதுவரை இங்கிலாந்தில் மார்ச் 25இல்தான் வருஷப் பிறப்பு. அதனால் 1751ஆம் வருஷம் 282 நாளிலேயே முடிந்துபோனது. செப்டம்பர் 2க்குப் பிறகு 14 என்று இன்னொரு விதி. இதெல்லாம் வானத்துக் கணக்கு.

அதற்குப் பின்னால் வால் மாதிரி நீள்கிறது ஒரு பகுதி. அதைப் படித்தபோது என் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முகம்தான் தெரிந்தது. குத்தகை, வாடகை, கடன், வட்டி, ஆண்டுத் தொகை, ஒப்பந்தம் எதுவும் இந்தச் சட்டத்தால் முன்கூட்டி வந்துவிடக் கூடாது. பழைய காலண்டர் இருந்திருந்தால் எந்த இயல்பு நாளில் கட்ட வேண்டுமோ அந்த நாளிலேயே கட்டினால் போதும். 21 வயது நிறைந்து சொத்துரிமை பெறுகிறவன், தொழில் பழகும் காலம் முடிந்து விடுதலை பெறும் பையன், எவனும் பதினோரு நாள் முன்னதாக வெளியே வர முடியாது. முழு நாளையும் கழித்துவிட்டுத்தான். ஆடுமாடுகளைப் பொது மேய்ச்சல் நிலத்தில் விடுகிற நாளுக்குக்கூட விதி இருக்கிறது. புல் காலண்டர் பார்த்து முளைப்பதில்லையே.

ஆக, செப்டம்பர் 29இல் கட்ட வேண்டிய குத்தகையை அக்டோபர் 10இல் கட்டினார்கள். வருஷக் கூலிக்குப் பண்ணையில் நின்றவன் பதினோரு தேதி தள்ளித்தான் கணக்கு முடித்துக்கொண்டு போக முடியும். அன்றாடக் கூலிக்காரனுக்கு நாள் கணக்கு, வாரக் கணக்குதான். கிழமையை யாரும் தொடவில்லை, புதனுக்குப் பிறகு வியாழன்தான் வந்தது. சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே வந்திருக்கும். வரி வசூலிலும் இதே கதைதான். மார்ச் 25ஓடு பதினொன்றைக் கூட்டினால் ஏப்ரல் 5. பிரிட்டனில் இன்றைக்கும் வருமான வரி ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதிதான் முடிகிறது.

பதினோரு நாளால் யார் நஷ்டப்படுவார்கள் என்று அந்தச் சட்டம் எழுதியவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அண்ணன் கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள். வரலாறு படித்தவனாக என்னை நினைத்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அது தோன்றவில்லை.

இனிமேல்தான் எனக்கு நிஜமாகவே வெட்கமான பகுதி. அந்தக் கலாட்டாவைத் தேடினேன். எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை பேர் என்று அண்ணனிடம் விவரமாகச் சொல்லலாம் என்ற ஆசை. கிடைக்கவில்லை. காரணம், அப்படி ஒரு கலாட்டா நடந்ததற்கே ஆதாரம் இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெரிதும் ஒரு ஓவியத்திலிருந்து கிளம்பிய கதை அது. வில்லியம் ஹோகார்த் 1755இல் வரைந்த தேர்தல் விருந்துக் காட்சி. 1754 ஆக்ஸ்ஃபோர்டுஷயர் தேர்தலை வைத்துச் செய்த கேலி. ஒரே களேபரம், தின்றுகொண்டும் குடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். தரையில், ஒருவன் காலடியில், எதிர்க்கட்சிக்காரர்களிடமிருந்து பிடுங்கிவந்த பதாகை கிடக்கிறது: எங்கள் பதினோரு நாட்களைக் கொடு. தேர்தல் நேரத்துக் கோஷத்தைக் கிண்டல் செய்து வரைந்ததைப் பின்னால் வந்தவர்கள் நடந்த சம்பவமாக எழுதிவிட்டார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, கடைசியில் நான் கல்யாணப் பந்தியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காலண்டருக்காகச் சண்டையே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் கலந்து வாழ்ந்த ஜெர்மானிய நகரமான ஆக்ஸ்பர்க்கில் 1584இல் கலவரமே மூண்டது. அது மதச் சண்டை. இங்கிலாந்திலும் முணுமுணுப்பு இருந்தது. பக்கிங்ஹாம்ஷயரில் குவெய்ன்டன் என்ற ஊரில், கிறிஸ்துமஸ் அன்று பூக்கும் என்று நம்பப்பட்ட ஒரு முள்மரம் இருந்தது. புதுத் தேதி கிறிஸ்துமஸுக்கு அது பூக்கிறதா பார்ப்போம் என்று சனம் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் நின்றதாம். பூக்கவில்லை. அப்படியானால் இது கிறிஸ்துமஸே இல்லை என்று திரும்பிவிட்டார்களாம். இதைக்கூட நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். அரசாங்கம் தேதியை மாற்றுகிறது, நமக்கு வேறு சாட்சி யார், மரத்தைக் கேட்போம் என்று போயிருக்கிறார்கள். ஆனால் ஆயுள் குறைந்துவிட்டதாக அலறிய கூட்டம்? அது எங்கும் இல்லை.

அஞ்சு நாள் அக்கா

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். இரண்டு வாரம் கட்டுரைகள் எதையும் திறக்கவில்லை. காரணம், எனக்கு ஒரு ஜூன் மாதம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அப்போது நான் வேறொரு கம்பெனியில் இருந்தேன். பம்ப்செட் உதிரி பாகம் செய்கிற இடம். மாதக் கடைசி வரை வருகைக் கணக்கு எடுத்து, 1ஆம் தேதி சம்பளம் போடுவது முடிகிற காரியமாக இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார வேண்டியிருந்தது. அதனால் இனிமேல் 26ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 25 வரை கணக்கு என்று முடிவானது. மாறுகிற மாதத்தில் ஜூன் 1 முதல் 25 வரைக்கும்தான் சம்பளம். மிச்சம் ஐந்து நாள் ஜூலைக் கணக்கில் சேரும், அதே சமயம் ஜூலையின் கடைசி ஆறு நாள் ஆகஸ்டுக்குத் தள்ளிப் போகும். வேலையை விட்டுப் போகும்போது எல்லாம் நேராகிவிடும். நோட்டீஸ் எழுதியது நான்தான். "இந்த மாற்றத்தினால் பணியாளர் எவருக்கும் எவ்வித இழப்பும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்." அந்த வாக்கியம் இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. அன்றைக்கு அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பேக்கிங் பிரிவில் இருந்த ஒரு அக்கா சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "அஞ்சு நாள் எங்க சார் போச்சு?" ஒரு தாளில் கோடு போட்டு, 1, 25, 30 என்று குறித்து விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரத்தில் மறுபடி வந்தார். "வேலைக்கு வந்தேன் சார். அஞ்சு நாளும் பஞ்ச் பண்ணியிருக்கேன். அது எங்க?" மூன்றாவது முறை வந்தபோது கூட இரண்டு பேரையும் அழைத்து வந்தார். நான் பொறுமையாகத்தான் பேசினேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர்கள் கதவைத் தாண்டியதும் எங்கள் பிரிவில் எல்லோரும் சிரித்தோம். "அஞ்சு நாள் அக்கா" என்று பெயர் வைத்தவன் நான்தானா, பக்கத்து மேசைக்காரரா என்பது ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்பதே என் பக்கம் சந்தேகத்தைக் கூட்டுகிறது. அவர் வேலையை விடும்வரை அந்தப் பெயர் போகவில்லை.

கணக்கு தப்பில்லை, அது எனக்கும் தெரியும், இன்றைக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும். ஹோகார்த் ஓவியத்தின் பதாகையைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பட்டது வேறு. என் கதையில் வரும் அந்த முட்டாள் கூட்டத்தை உருவாக்கியவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள். நாங்களும் எங்கள் பிரிவில் அப்படி ஒருவரை உருவாக்கி வைத்திருந்தோம்.

மற்ற ஊர்க் கணக்குகள்

மறுபடி படிக்க ஆரம்பித்தபோது சம்பளத்தை மட்டுமே தேடினேன். ரஷ்யாவில் கிடைத்தது. அங்கே 1918 ஜனவரி 31க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. புரட்சி முடிந்து மூன்று மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது, தொழிலாளர் அரசு. ஆணையில் கடன், வட்டி எல்லாவற்றுக்கும் விதி எழுதி, சம்பளத்துக்கும் தனியாக எழுதியிருக்கிறார்கள். இல்லாமல் போன 13 நாளுக்கான பங்கை பிப்ரவரிச் சம்பளத்தில் கழித்துக்கொண்டு மீதி! வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது நியாயம்தான். ஆனால் அந்த 13 நாளுக்குள் விழுந்த கடமைகளையும் 13 நாள் தள்ளிப் போட்டார்கள். ஒரு பக்கம் கழித்தால் மறுபக்கமும் தள்ளத் தெரிந்திருக்கிறது. ஜூலை 1 வரை புதுத் தேதிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பழைய தேதியையும் எழுத வேண்டும் என்றும் ஒரு விதி. ஒரு கணக்குப்பிள்ளையின் கை அதில் தெரிகிறது.

ஸ்வீடன்காரர்கள் செய்ததைச் சொன்னால் அண்ணன் நம்பவே மாட்டார். ஒரேயடியாக வெட்டாமல், 1700இலிருந்து நாற்பது வருஷத்துக்கு லீப் நாளே சேர்க்காமல் விட்டுச் சரிக்கட்டலாம் என்று திட்டம். 1700இல் விட்டார்கள். பிறகு போர் வந்து மறந்து, 1704, 1708 இரண்டிலும் வழக்கம்போல லீப் நாளைச் சேர்த்துவிட்டார்கள். ஊரோடும் ஒட்டாத, உலகத்தோடும் ஒட்டாத ஒரு தேதியில் திண்டாடி, கடைசியில் பழையபடிக்கே போய்விடுவோம் என்று 1712இல் பிப்ரவரிக்கு 30ஆம் தேதி ஒன்றை ஒட்டவைத்தார்கள். மாதச் சம்பளக்காரன் ஓசியில் உழைத்த நாட்களின் வரலாறு என்று யாராவது எழுதினால், அந்த பிப்ரவரி 30க்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கலாம்.

நம்மூர்ப் பக்கமும் இது உண்டு. எனக்கு அது தெரிந்தது ஒரு பென்சில் குறியால். பிரெஞ்சுக்காரர்களிடம் சென்னைக் கோட்டை சரணடைந்த தேதி ஒரு புத்தகத்தில் 1746 செப்டம்பர் 10, இன்னொன்றில் செப்டம்பர் 21. பல வருஷம் முன்பு ஒன்றின் ஓரத்தில் "அச்சுப் பிழை" என்று எழுதி வைத்திருந்தேன். பிழையே இல்லை. ஆங்கிலேயர் பழைய காலண்டர், பிரெஞ்சுக்காரர் புதுக் காலண்டர், ஒரே நாள். சென்னை போனபின் ஆங்கிலேயர் தலைமையிடம் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டை. அங்கிருந்து பாண்டிச்சேரி இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. காலையில் மார்ச் 1 என்று தேதியிட்ட கடிதத்தோடு தேவனாம்பட்டினத்திலிருந்து கிளம்பும் தபால்காரன் சாயங்காலம் பாண்டிச்சேரியில் நுழையும்போது மார்ச் 12. அடுத்த நாள் 13ஆம் தேதியிட்ட பதிலோடு திரும்பினால் இங்கே மார்ச் 2. கடிதம் எழுதும் முன்பே வந்து சேர்ந்துவிடும். நடந்து போனவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, இரண்டு ஊரிலும் அவனுக்கு அதே பங்குனிதான். பாண்டிச்சேரியில் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் தமிழ் வருஷம், மாதம், தேதியோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்து எழுதிவந்தார். இரண்டு கோட்டைக்கும் பொதுவாக இருந்த தேதி என்றால் அது அவருடைய தமிழ்த் தேதிதான்.

அந்தத் தமிழ்த் தேதியும் நகர்கிறது என்பது தனிக் கதை. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தியன்று, 1863 ஜனவரி 12. இன்றைக்குப் பொங்கல் 14 அல்லது 15. நம் பஞ்சாங்க வருஷம் பருவ வருஷத்தைவிட இருபது நிமிஷம் நீளம், எழுபது சொச்சம் வருஷத்துக்கு ஒரு நாள் என்று தள்ளிக்கொண்டே போகிறது. நம்மிடம் யாரும் இன்னும் தாளைக் கிழிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சேர்த்துக்கொண்டு ஆடிப் பதினெட்டு அன்று சாயங்காலம் அண்ணனிடம் போனேன். டீ வாங்கிக்கொண்டுதான் போனேன். கலாட்டா பொய் என்று முதலில் ஒப்புக்கொண்டேன். "நெனச்சேன்" என்றார். கிழமையைத் தொடவில்லை, வாரக்கூலி வந்திருக்கும் என்றதும் தலையாட்டினார். வாடகையையும் பதினோரு நாள் தள்ளிக் கட்டலாம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள் என்றபோதுதான் முகம் தெளிந்தது. "அப்பச் செரி. அது போதுமுங்க. சம்பளம் தள்ளுனா வாடகையுந் தள்ளோணும்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை, பம்ப்செட் கம்பெனி நோட்டீஸையும் சொன்னேன். கோடு போட்டு விளக்கியது, மூன்று தடவை வந்தது எல்லாம். வைத்த பெயரை மட்டும் சொல்லவில்லை. அண்ணன் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்தார்.

"ஏனுங்க சார், அந்தப் புள்ளைக்கு ஊட்டு வாடகையை அஞ்சு நாள் கழிச்சு வாங்கிக்கச் சொல்லி, ஊட்டுக்காரனுக்கு நீங்க எதுங் கடுதாசி குடுத்தீங்ளா?"

கேட்டில் ஒரு கார் ஹாரன் அடித்தது. அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்து, நோட்டுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவி, பின்பக்கத்தில் வண்டி எண்ணை எழுத ஆரம்பித்தார்.